யாருக்கு அஞ்சி இந்தச் சுவர்?

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1745ஆம் ஆண்டு மே மாதம் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகத்தில் இருந்த நீலகண்டர். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் மூலம்தான் அவர் கிறிஸ்துவை அறிந்தார். தேவசகாயம் என்ற பெயரோடு கிறிஸ்தவர் ஆன பிறகு, ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியாரோடு சமமாகப் பழகினார். அரண்மனைக்கும் சாதியாருக்கும் அது பொறுக்கவில்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோவில் எழும்பியது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளரும் அவர்களைச் சார்ந்தவர்களும், மறுபக்கம் நாடார்கள். கால்சட்டை போன்ற அமைப்பு என்று எழுதியவர்கள் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூல் இந்த ஊரின் கதையை விரிவாகச் சொல்கிறது. சாதியாரின் தயவை உதறிவிட்டு வந்த ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், நூற்றிருபத்தேழு ஆண்டு கழித்துச் சாதியாரின் தயவுக்காகவே சுவர் எழுப்பினார்கள். கட்டச் சொன்னவர்கள் வேதம் அறியாதவர்களா? இல்லை. குருக்கள், கற்றவர்கள். இடம் பிரித்துக் கொடுக்காவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள், அவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் எல்லாருடைய மனமும் இருந்தது. யாருக்கு அந்தப் பீடமோ, அவருடைய மனம் மட்டும் விட்டுப்போனது.

1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். மறுபடி கட்டித்தரச் சொல்லி வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். கோவிலுக்குள் சாதி வேலி கேட்க உரிமையில்லை என்பதை ஒரு கிறிஸ்தவ சமூகம் காலனிய நீதிமன்றத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெட்கக்கேடு என்பதற்கு மேல் இதற்குச் சொல் இல்லை.

சாதி இந்த மண்ணின் நோய், திருச்சபைக்கும் தொற்றிக்கொண்டது என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். இந்த விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. மண்ணின் நோய் என்றால் நோயாளி குற்றவாளி இல்லை என்றாகிவிடும். திருச்சபைத் தலைமைக்கு இது பாவம் என்று தெரியும். தெரிந்தே பொறுத்துக்கொண்டது, இன்றும் பொறுத்துக்கொள்கிறது. காரணம் மனித பயம். யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் சில யூதத் தலைவர்கள் வருகிறார்கள். உள்ளுக்குள் இயேசுவை நம்பியவர்கள். ஜெபஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்களே என்று வாயைத் திறக்காதவர்கள். அவர்களை அவிசுவாசிகள் என்று யோவான் எழுதவில்லை. கடவுள் தரும் மகிமையை விட மனிதர் தரும் மகிமை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்கிறார். நம்மில் பலருக்கு அந்த வரி மனப்பாடம். அது யாரைப் பற்றியது என்றுதான் கேட்டுக்கொள்வதில்லை.

இன்னும் கிட்டத்து உதாரணம் அந்தியோக்கியா. பேதுரு அங்கே புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலேயே பதிவு செய்கிறார். பேதுருவின் போதனையில் பிழை இல்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற இடத்தில், பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் பயந்தார். பந்தி என்றால் என்ன, அதிலிருந்து ஒருவர் எழுந்து போவது என்றால் என்ன என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பயம் ஒரே நாளில் வருவதில்லை. ஞாயிறுதோறும் பழக்கிவிடுகிறோம். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை இன்னார் இவ்வளவு என்று தொகையோடு வாசிக்கப்படுகிறது. வாசிக்க விட்டுப்போனால் ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம் சண்டை. டியூப்லைட்டில் உபயம், மின்விசிறியில் உபயம், பெஞ்சில் உபயம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போவது பூசணிக்காய்க்காகவா? வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவரின் பெயரால் கூடும் சபையில், ஊருக்கே மைக் வைத்துச் சொல்கிறோம். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் பெயரை நற்செய்தி சொல்லவில்லை. நம் சபைகளில் அவர் போட்டிருந்தால் அறிவிப்பிலும் வந்திருக்காது.

இவையெல்லாம் சின்ன விஷயம் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பத்து வருடம் பெயர் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்த காது, பதினோராம் வருடம் சேகரக் கமிட்டியில் அநியாயம் நடக்கும்போது எதிர்த்துப் பேசும் வாயைத் திறக்க விடாது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கே எழுந்து உட்காரப் பழகியவர், அடுத்த டயோசிஸ் தேர்தலில் எந்த அணிக்கு ஓட்டு என்பதையும் மகளுக்கு எந்த வீட்டில் மாப்பிள்ளை என்பதையும் அதே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வார். மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, அபிஷேகம் பெற்ற வரன் வேண்டும், பக்கத்திலேயே சாதி. முதல் மூன்றும் கடவுளுக்குச் சொல்லிக்கொள்ள, நான்காவது உறவினருக்கு. நடைமுறையில் எந்தத் தகுதி விட்டுக்கொடுக்கப்படுகிறது, எது விட்டுக்கொடுக்கப்படுவதே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மனிதர் முன் உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. மனிதர் நற்செயலைக் கண்டு பரலோகப் பிதாவைப் புகழும்படி என்று அந்த வசனம் முடிகிறது. கல்வெட்டில் யாருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு மோசடியும் வளர்ந்திருக்கிறது. ‘நான் மனுஷருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, தேவன் ஒருவருக்கே’ என்ற பேச்சு சில ஊழியர்களின் வாயில் கணக்குக் காட்டாமல் இருப்பதற்கான சாக்காகிவிட்டது. கேள்வி கேட்ட விசுவாசி ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொட்டவர்’ ஆகிவிடுகிறார். பவுல் இப்படி நடக்கவில்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைக் கொண்டுபோகத் தன்னோடு சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் சேர்த்துக்கொண்டார்; கர்த்தர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் செம்மையாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதினார். மனிதரின் புகழைத் தேடாதிருப்பது வேறு, மனிதருக்கு நேர்மையாக இருக்க மறுப்பது வேறு. இரண்டையும் குழப்புகிறவர் கடவுளின் அங்கீகாரத்தைத் தேடவில்லை. யாருடைய கண்ணிலும் படாத இடத்தைத் தேடுகிறார்.

இனி தலைமைக்கு வருவோம். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். அவர் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. 2003இல் இரண்டாம் யோவான் பவுல், ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். ஐந்தே ஆண்டில், 2008 மார்ச்சில், எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே மோதல் மூண்டு காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை அதில் ஒப்புக்கொண்டது. 2020இல் வாட்டிகன், தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை நீக்கியது. அவர் உதறிய சாதியை மேடைதோறும் அவர் பெயரோடு திரும்பச் சேர்த்து வந்தது நாம்தான்.

கடிதம் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, புனிதரும் கிடைத்துவிட்டார். ஆனாலும் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் பற்றிச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதிவிட்டன. எழுதப்படாத ஊர்கள் எத்தனையோ. உயிர்த்தெழுதலை விசுவாச அறிக்கையில் வாராவாரம் சொல்லிவிட்டு, எழுந்திருக்கும் வரை தனித்தனியாகப் படுங்கள் என்று இறந்தவர்களிடம் சொல்லுகிற சபையைக் கிறிஸ்தவ சபை என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. இதில் பெரிய குற்றம் சுவர் கேட்ட குடும்பங்களுடையது அல்ல; அவர்களின் வருத்தத்துக்கு அஞ்சி, சுவரை இடிக்கும் உத்தரவில் கையெழுத்தைத் தள்ளிப்போடும் ஆயர்களுடையது, பங்குத் தந்தையருடையது, சேகரத் தலைவர்களுடையது. சபை உடையும், காணிக்கை குறையும், வழக்கு வரும் என்பார்கள். வரட்டும். 1910இல் சுவரை இடித்த பிறகும் வந்தது. தங்கள் ஆளுகைக்குள் எந்தெந்தக் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினைச் சுவர் நிற்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் பெயரோடு வெளியிட வேண்டும். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் அவற்றை இடித்து முடிக்க வேண்டும்.