பெரியவர் தலையில் மிளகாய் அரைப்பதா?

ஓய்வு பெற்ற பெரியவர் கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறார். "வாங்கய்யா, உட்காருங்கய்யா" என்று ஏக உபசாரம். காபி வருகிறது. பின்னாலேயே பில்லும் வருகிறது. பார்த்தால் தலை சுற்றுகிறது!

காருக்கு விலை, சரி. சாலை வரி, அதுவும் சரி. சீட் கவர், பாலிஷ் கோட்டிங், கூடுதல் வாரண்டி என்று கேட்காததெல்லாம் பில்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"எல்லாம் கட்டாயம்யா. இங்கே ஒரு கையெழுத்து போடுங்க" என்கிறார்கள். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. நம்பிப் போட்டுவிடுகிறார். பி.எப். பணம் அம்போ!

'கட்டாயம்' என்பது சுத்தப் பொய். புதுக் காருக்கு 3 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அதையும் ஷோரூம்காரர் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சீட் கவர், பாலிஷ் கோட்டிங், கூடுதல் வாரண்டி எல்லாம் வாங்குபவர் இஷ்டம்.

ஏமாந்தவர்கள் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் விலை 10 லட்சத்துக்குள் என்றால் கோர்ட்டுக் கட்டணம் 200 ரூபாயைத் தாண்டாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆனால், வயதான காலத்தில் அவர்களைக் கோர்ட்டுப் படி ஏற விடுவானேன்? எது கட்டாயம், எது விருப்பம் என்று ஒவ்வொரு ஷோரூம் வாசலிலும் கொட்டை எழுத்தில், தமிழில் போர்டு வைக்க அரசு உத்தரவு போட வேண்டும்.

பிள்ளைகளே! அப்பா கார் வாங்கப் போனால் கூடப் போங்கள்.