பழைய காசு பொழுதுபோக்கா இருக்கட்டும், முதலீடா வேண்டாம்

"பாட்டியோட டிரங்குப் பெட்டியில பழைய காசு கிடைச்சிருக்கு, எத்தனை லட்சம் போகும்?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். நாணயம் சேர்க்கறது அருமையான பொழுதுபோக்கு. ஆனா அதுக்குப் போடற பணத்தை முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க, செலவுக் கணக்குல எழுதுங்க.

முதல் காரணம், பழசு எல்லாமே அரிது கிடையாது. விக்டோரியா காலத்து கால் அணா செம்புக் காசுக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. கோடிக்கணக்குல அச்சடிச்சதால இன்னைக்கும் சுலபமா கிடைக்குது. ஆனா 1911-ல வந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் கதை வேற. ராஜாவோட அங்கியில இருந்த யானை பார்க்க பன்றி மாதிரி இருக்குன்னு பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. அதைத் திரும்பப் பெற்று, 1912-ல யானையைத் திருத்தி வெளியிட்டாங்க. அதனாலதான் 1911 காசுக்கு மவுசு. வயசு விலை வைக்கறதில்லை. தட்டுப்பாடும் தேவையும்தான் வைக்குது.

அடுத்தது தரம். ஒரே வருஷம், ஒரே அச்சகம், ரெண்டு காசு. ஒண்ணுல ராஜாவோட கிரீடம் தேய்ஞ்சிருக்கு, இன்னொண்ணுல ஒவ்வொரு கோடும் தெளிவா இருக்கு. விலை பல மடங்கு மாறும். ஃபைன், வெரி ஃபைன், யுஎன்சின்னு வியாபாரிங்க பிரிக்கறது இதைத்தான். 1-ல இருந்து 70 வரைக்கும் மதிப்பெண் போடற ஷெல்டன் அளவுகோலும் உண்டு. இதைப் படிக்கத் தெரியாம காசு வாங்கறது, பேலன்ஸ் ஷீட் பார்க்காம பங்கு வாங்கற மாதிரி.

நம்ம வீடுகள்ல நடக்கற பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. பளபளப்பா இருந்தா நல்ல விலை போகும்னு நினைச்சு செம்பைப் புளி போட்டுத் தேய்ப்போம், வெள்ளியை விபூதி போட்டுத் துலக்குவோம். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்குப் பண்ணினா மேல படிஞ்ச இயற்கையான நிறம் போயிடும், நுண்ணிய கீறல் விழும். சேகரிப்பாளர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடிச்சு விலையைக் குறைச்சிடுவார். ஓரத்தைப் பிடிச்சு எடுங்க. பிவிசி கவர்ல வைக்காதீங்க, நாளடைவுல பச்சைப் பிசுக்கு படியும். மைலார் ஹோல்டர்ல போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பாக்கெட் வைங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல இது கட்டாயம்.

வெள்ளிக்காவது மதிப்பு இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. 1939 வரைக்கும் வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதுல சுமார் 91.7% வெள்ளி. 1940-ல வெள்ளி 50% ஆச்சு. 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே கிடையாது. எடைக்கு மேல நீங்க கொடுக்கற ஒவ்வொரு ரூபாயும் சேகரிப்பாளரோட ஆசையை நம்பித்தான் நிக்குது. எஃப்டியை நினைச்ச நாள்ல உடைக்கலாம். காசை விக்க சரியான ஆள் வரணும், வாங்கின விலையை விட வியாபாரி குறைச்சுத்தான் கேட்பார்.

அப்புறம், வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் தர்றோம்னு விளம்பரம் வரும். பதிவுக் கட்டணம், வரின்னு முதல்ல உங்ககிட்டதான் பணம் கேட்பாங்க. இப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கலைன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சிருக்கு. உண்மையா வாங்கறவன் உங்களுக்குப் பணம் தருவான், உங்ககிட்ட கேட்க மாட்டான்.

அவசர நிதி, காப்பீடு, எஸ்ஐபி எல்லாம் போக மிஞ்சற தொகையில மாசம் ஒரு சின்ன பங்கை இதுக்கு ஒதுக்குங்க. எந்தக் காசு, எப்ப, என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி, வீட்டுல இருக்கறவங்களுக்கும் காட்டி வைங்க. இல்லைன்னா நீங்க இருபது வருஷம் தேடிச் சேர்த்ததை, ஒரு நாள் அவங்க எடைக்குப் போட்டுடுவாங்க.