முறையிடும் உரிமை யாருக்கு?



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தோல் பதனிடும் ஆலையில் பணியாற்றி வந்தார். இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்களை இழந்தார். காயம் ஆறித் திரும்பியவரிடம் இழப்பீட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டனர். காவல் பணியேனும் தாருங்கள் என்ற அவரது வேண்டுகோள் எவர் செவியிலும் ஏறவில்லை. ஊர்ப் பெரியவர்களோ, "ஸப்ர் செய் தம்பி. வழக்காட நீ என்ன அரசாங்க ஊழியனா?" என்றனர்.

அக்கேள்வியில் பாதி உண்மை இருப்பதே என் வேதனை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலையில் பாகுபாடு காட்டலாகாது என்று அரசு நிறுவனங்களுக்கே கட்டளையிடுகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கலாகாது, அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்பதும் அவற்றுக்கே. அரசுப் பேருந்து ஓட்டுநர் பார்வை இழந்தால் இப்பிரிவு காக்கும். தனியார் லாரி ஓட்டுநரைக் காக்காது. விபத்து முதலாளி யாரென்று பார்த்தா வருகிறது? எல்லா வகை வேலைகளிலும் பாகுபாட்டைத் தடுப்பதாக ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் ஏற்ற நாடு, தனியார் தொழிலாளரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது அநீதி. 20ஆம் பிரிவு அனைவருக்கும் விரிவுபட வேண்டும்.

எஞ்சிய பாதியை நாம் அறியாதிருப்பது அதைவிடத் துயரம். ஊனத்தைக் காரணமாக்கி எவரையும் பாகுபடுத்தலாகாது என்னும் 3ஆம் பிரிவில் அரசு, தனியார் என்ற பேதமில்லை. தக்க வசதி செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்கிறது சட்டம். உரிமை பறிக்கப்பட்டால் மாநில ஆணையர் தாமாகவோ பிறர் முறையீட்டின் பேரிலோ விசாரிக்கலாம். அவர் பரிந்துரைக்கவே இயலும் என்பது குறைதான். எனினும் அக்கதவைத் தட்டாமலே திரும்புவது ஸப்ர் ஆகாது. ஸப்ர் என்பது சோதனையில் நிலைகுலையாமை, ஹக்கை விட்டுக்கொடுப்பதன்று.

நம் முதலாளிமாருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். சட்டம் கூறும் தனியார் நிறுவனத்தில் அறக்கட்டளையும் சங்கமும் அடங்கும். சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்குமாறு 21ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களையும் பணிக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது உண்டா?

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். ஸதகா கொடுத்து ஓரமாக உட்காரவைக்கவில்லை, பணி கொடுத்தார்கள். நாமோ, ரமளானில் ஜகாத் வழங்கும் கையாலேயே அவரைப் பணியிலிருந்து நீக்கும் கடிதத்திலும் ஒப்பமிடுகிறோம். அம்மாணவர் கேட்டது ஜகாத் அன்று, வேலை.

மறுமையில் முறையிட அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை. அதை அஞ்சி இன்றே நீதி செலுத்த வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.