ஆற்றைக் கடைசியில் வைத்தவர்கள்

2017இல் நெல்லை சீர்மிகு நகரத் திட்டத்துக்குள் வந்தது. வந்த பணத்தில் பேருந்து நிலையம், வணிக வளாகம், மைதானம் என்று கட்டடங்களை முன்னால் வைத்து, தாமிரபரணியில் சாக்கடை விழாமல் தடுக்கும் வேலையைப் பின்னால் தள்ளினார்கள் முடிவெடுத்தவர்கள். அந்த வரிசையே தவறு. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே வந்து பார்க்க நேர்ந்ததும் அதனால்தான்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கி.மீ. ஓடும் இந்த ஆற்றை நம்பித்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அதில்தான் நகருக்குள் மீனாட்சிபுரத்திலும் சிந்துபூந்துறையிலும் சாக்கடை கலக்கிறது. வயலுக்காக வெட்டிய நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் ஊருக்குள் நுழைந்ததும் கழிவு சுமக்கின்றன. மாநகரம் கழித்துவிட்ட நீர் ஸ்ரீவைகுண்டம் அணை நோக்கிப் போகிறது. அந்த நீரை எடுப்பவர்களுக்கு இந்த மாநகராட்சியில் ஓட்டு இல்லை. அவர்கள் குரல் இங்கே எட்டாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆற்றில் குளிக்கும், துவைக்கும் ஏழைகளுக்கோ வேறு போக்கிடம் இல்லை.

பேருந்து நிலையம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால், குடிநீருக்கு முன்னால் அது வர முடியாது. பாதாளச் சாக்கடைக்குத் தனி நிதி, தனித் திட்டம் உண்டு என்பார்கள். உண்டு, கட்டம் கட்டமாக ஆண்டுகள் ஓடியும் ஆற்றில் கழிவு விழுவது நிற்கவில்லை. மக்களே இணைப்பு வாங்குவதில்லை என்றும் சொல்வார்கள். குழாயே எட்டாத தெருவில் எதோடு இணைப்பது? எட்டிய தெருவில் இணைக்கச் செய்வது யாருடைய கடமை?

முன்னால் வைத்த வேலைகளையாவது உருப்படியாக முடித்தார்களா? 2018இல் மூடிய நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் ஆண்டுக்கணக்கில் குழியாகக் கிடந்தது. சுற்றியிருந்த வியாபாரிகள் பிழைப்பை இழந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சந்திப்புப் பகுதியே மூழ்கியது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தின் புது மேற்கூரை காற்றுக்கே சரிந்தது. ஆற்றைக் கைவிடுவது புதிதுமல்ல. இந்தத் திட்டத்துக்கு முன்பே, கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு இதே ஆற்றுநீரைக் கொடுத்தபோது விவசாயிகளின் முறையீடு காதில் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் வழக்கு, விளக்கம், புது மதிப்பீடு. பொறுப்பேற்றவர் மட்டும் ஒருவரும் இல்லை.

இனியும் அவகாசம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆற்றில் விழும் கழிவு நிற்கும்வரை இந்த நகரத்தில் மற்ற எந்தத் திட்டமும் இரண்டாவதுதான் என்று முடிவெடுக்க வேண்டும். அதைச் செய்யும் துணிவு இல்லாதவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.