துடைப்பமும் இருபது கிலோ கல்லும்

“ஏம்ப்பா, ஐஸைப் போயி யாராச்சும் கூட்டுவாங்களா?”

குளிர்கால ஒலிம்பிக் பார்த்துக்கொண்டிருந்த என் பெரியம்மா கேட்டது இது. தொலைக்காட்சியில் இரண்டு பேர், நகர்ந்து வரும் ஒரு கல்லுக்கு முன்னால் துடைப்பத்தை வைத்துக்கொண்டு உயிரே போவதுபோல் தேய்த்துக்கொண்டு ஓடினார்கள். கர்லிங்கை முதன்முறையாகப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். ஆனால் பதிலை அங்கிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நான் கேரம் பலகையிலிருந்துதான் தொடங்குவேன்.

கேரமில் காயைக் குழியில் தள்ளினால் புள்ளி. கர்லிங்கில் குழி கிடையாது. ஐஸ் தளத்தின் அந்தக் கோடியில் 12 அடி விட்டத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள். இதற்கு ‘வீடு’ என்று பெயர். இந்தக் கோடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை உருட்டாமல், தூக்காமல், சறுக்க விட வேண்டும். கால் ஊன்றிப் புறப்படும் இடத்திலிருந்து வீட்டின் நடுப்புள்ளிவரை சுமார் 38 மீட்டர். அந்தப் புள்ளிக்கு யார் கல் மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. வந்த கல்லை எதிராளி தட்டி வெளியே அனுப்பலாம், தன் கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லைக் காவலுக்கும் நிறுத்தலாம். ஸ்ட்ரைக்கரால் காயை அடித்து விலக்கிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவரும் இரண்டு கல் விடுவார்கள், எதிரணியும் மாறி மாறி விடும். மொத்தம் 16 கல் போனதும் ஒரு சுற்று முடியும். பெரிய ஆட்டங்களில் 10 சுற்று. ஒரு சுற்றில் ஒரே அணிக்குத்தான் புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே நிற்கும் என் கற்கள் எத்தனையோ அத்தனை புள்ளி எனக்கு. எதிராளிக்கு அந்தச் சுற்றில் சைபர்.

இதிலிருந்தே ஒன்று புரியும்: 16வது கல், அதாவது கடைசிக் கல், யார் கையில் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். இந்த வசதியைச் ‘சுத்தியல்’ என்கிறார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் சுத்தியலை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் புள்ளி இல்லையென்றால் வைத்திருந்தவரிடமே அது தங்கும். அதனால் நல்ல அணிகள் சில சமயம் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், வேண்டுமென்றே எல்லாக் கல்லையும் வெளியே தட்டிவிட்டுச் சுற்றை வெறுமையாக முடிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் “தோத்துட்டாங்களா?” என்று கேட்கும் இடம் இது. இல்லை, அடுத்த சுற்றில் இரண்டு மூன்று புள்ளி பார்க்கலாம் என்று சேமித்து வைக்கிறார்கள். நம் அம்மாக்கள் தீபாவளிச் சீட்டுப் போட்ட மாதிரி.

சரி, துடைப்பத்துக்கு வருவோம். அந்த ஐஸ் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. ஆட்டத்துக்கு முன்பு தண்ணீர்த் துளிகளைத் தூவுவார்கள். அவை உறைந்து, மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகளாகிவிடும். கல்லின் அடிப்பகுதி குழிவானது. ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் அந்தப் புடைப்புகள்மேல் படும். துடைப்பத்தால் அழுத்தித் தேய்க்கும்போது ஐஸ் கொஞ்சம் சூடேறி உராய்வு குறைகிறது. கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். குப்பையை அகற்றுவது இதில் சின்ன வேலை. கல்லை ஓட்டுவதுதான் பெரிய வேலை. அந்தக் கோடியில் நின்று அணித் தலைவர் கத்துவது “தேய், நிறுத்து” என்ற கட்டளைகள்தான்.

கர்லிங் என்ற பெயரே கல் வளைவதால் வந்தது என்பார்கள். விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பினால், போகப்போகக் கல் அந்தப் பக்கமாக வளையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றி மேசைமேல் தள்ளிப் பாருங்கள், எதிர்ப்பக்கம் வளையும். கர்லிங் கல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. கல்லின் முன்பகுதி ஐஸில் போடும் நுண்ணிய கீறல்கள் பின்பகுதியை வழிநடத்துகின்றன என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2013இல் சொன்னார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் விட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கல்லுக்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கடலில் ஐல்சா கிரெய்க் என்ற, மனிதர் குடியிருக்காத சிறு தீவு. அங்கு கிடைக்கும் ஒருவகைக் கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் குளிரில் வெடிக்காது. ஒலிம்பிக் கற்கள் அந்தத் தீவிலிருந்து வருபவை. இந்த விளையாட்டும் ஸ்காட்லாந்தில் பிறந்ததுதான். 1511 என்று பொறித்த பழைய கர்லிங் கல் ஒன்று அங்கே ஸ்டெர்லிங்கில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த விதி வேறு. ஓடும் கல்லைத் துடைப்பமோ காலோ தெரியாமல் தொட்டுவிட்டால், தொட்டவரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அநியாயமாக ஜெயிப்பதைவிடத் தோற்பது மேல் என்ற கருத்து விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 2015இல் புதுவகைத் துணி பொருத்திய துடைப்பங்கள் வந்து, கல்லை நினைத்த பக்கமெல்லாம் திருப்ப முடிந்தது. முதலில் எதிர்ப்புத் தெரிவித்தவர்களே ஆட்டக்காரர்கள்தாம். மறு ஆண்டே ஒரே வகைத் துணிதான் என்று உலகச் சங்கம் கட்டுப்படுத்தியது. இவ்வளவு மரியாதையுள்ள ஆட்டம் என்றாலும், மைதானத்துக்கு வெளியே எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குத் தென்கொரிய மகளிர் அணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

பூண்டு விளையும் உய்சோங் என்ற சிற்றூர். அங்கே 2006இல் ஒரு கர்லிங் அரங்கம் திறந்தார்கள். பள்ளி முடிந்து பொழுதுபோக்காக ஆட வந்த பெண்கள்தாம் பின்னாளில் நாட்டு அணியானார்கள். ஐந்து பேர், ஐவருக்கும் குடும்பப் பெயர் கிம். வெளிநாட்டவர் குழம்புவதால் காலைப் பசியாறலில் பிடித்த உணவுகளை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஒருவர் பான்கேக், ஒருவர் ஸ்டேக்!

2018 பிப்ரவரி 23, காங்நுங் நகரில் ஒலிம்பிக் அரையிறுதி. எதிரே ஜப்பான். 10 சுற்று முடிவில் 7–7. கூடுதல் சுற்றில் கடைசிக் கல், கண்ணாடி அணிந்த தலைவி கிம் உன்-ஜுங்கின் கையில். அடித்து விலக்கும் கல் அல்ல, மெல்ல வந்து வீட்டின் நடுவே அமர வேண்டிய கல். வேகம் கூடினால் தாண்டிப்போகும், குறைந்தால் வெளியே நின்றுவிடும். தேய்ப்பவர்களில் ஒருவரான யங்-மியின் பெயரைச் சொல்லித்தான் அவர் கட்டளை இடுவார். “யங்-மீ!” என்று அவர் கத்துவது அந்த மாதம் கொரியா முழுக்கப் பிரபலம். கல் போய் உட்கார்ந்தது. 8–7. இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் சுவீடனிடம் தோற்றாலும், வெள்ளிப் பதக்கம் கழுத்தில் ஏறியது.

அதே ஆண்டு நவம்பரில் இந்தப் பெண்கள் ஒரு கடிதத்தை வெளியிட்டார்கள். பயிற்சியாளர்கள் தங்களைத் தகாத சொற்களால் ஏசியதாகவும், பரிசுப் பணம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். நாடே கொண்டாடிய அணி, தன்னை வளர்த்தவர்களையே எதிர்த்துப் பேசுவது எளிதான காரியமா? மூத்தவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாமல் வளரும் நமக்கு அதன் பாரம் புரியும். அரசு விசாரித்தது. புகார்களில் பெரும்பகுதி உண்மை என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தது.

அதன்பிறகு அவர்களுக்கு நேரம் கூடி வர நாளாயிற்று. நாட்டு அணி இடம் வேறு அணிக்குப் போனது, பிறகு மீண்டும் வென்று எடுத்தார்கள். 2021இல், தாங்கள் வெள்ளி வென்ற அதே காங்நுங் நகராட்சியின் அணியில் சேர்ந்தார்கள். 2022இல் கனடாவில் நடந்த உலக மகளிர் போட்டியில் அதே ஐவரும் இறுதியாட்டம்வரை போய் வெள்ளி வாங்கினார்கள். அதற்குமுன் தென்கொரிய மகளிர் எவரும் அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தை எட்டியதே இல்லை.