சுத்தியலைக் கீழே வையுங்கள்

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் தடதடவென்று ஆடுகிறதாம். "மெக்கானிக் வந்திருக்காருங்க தம்பி, நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். அலுமினிய பிளேடில் ஒரு இலை வளைந்திருந்தது. பிளேடை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பழைய பிளேடு சாஃப்டை விட்டு வரமாட்டேன் என்றது. வந்த பையன் சுத்தியலை எடுத்து சாஃப்டின் தலையில் நாலு போடு போட்டான். அசையவில்லை. பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். இன்னொரு இலையும் வளைந்தது. உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "ஜாம் ஆயிருச்சுங்க சார். மோட்டாரே போச்சு. புதுசா வாங்கிப் போட்டுரலாம்." விலை 2,600 ரூபாய். அம்மா பணம் எடுக்க உள்ளே போனார்.

மோட்டார் போகவில்லை. ஸ்விட்சைப் போட்டால் ஓடுகிற மோட்டாரைப் போய்விட்டது என்று சொல்வதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. இதைச் சொன்னால் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். பரவாயில்லை. கோவையில் ஒரு பஞ்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பிளேடு ஏன் பிடித்துக்கொள்கிறது? சாஃப்ட் இரும்பு. அதில் ஏறும் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். தலைமுடி அளவு இடைவெளியில் அது ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகிறது. ஹப் அலுமினியமாக இருந்து, ஈரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் கூடும். போதாததற்கு கிரப் ஸ்க்ரூ சாஃப்டில் குத்திய இடத்தில் ஒரு பிசிறு எழும்பி நிற்கும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு வேறு. இத்தனையும் சேர்ந்து பிடித்திருப்பதை நாலு அடியில் பிரிக்க நினைப்பது முட்டாள்தனம்.

அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ப்ளோயர் மோட்டாரை நானே அப்படித்தான் அடித்தேன். சாஃப்டின் முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. அதன்பின் ஹப் எந்த வழியிலும் வரவில்லை. அறுத்துத்தான் எடுத்தோம். அடி முழுவதும் பேரிங்கில் இறங்கியிருந்தது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. என் ஃபோர்மேன் திட்டவில்லை. "ராத்திரி எண்ணெய் விட்டுட்டு வீட்டுக்குப் போயிருந்தா, இந்நேரம் ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு இருப்போம்" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வார்த்தை மறக்கவில்லை.

சரியான வழி ஒன்றும் ரகசியமில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்து கிரப் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். சில ஹப்பில் இரண்டு இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மறந்து இழுப்பவர்கள் ஏராளம். வெளியே தெரியும் சாஃப்ட் பகுதியை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். ஹப் அந்த வழியாகத்தானே வர வேண்டும்? துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் இழுக்காதீர்கள். முதலில் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளுங்கள், பிறகு இடமும் வலமும் திருகுங்கள். அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு இரண்டு கால் புல்லரை மாட்டி மெதுவாக இழுங்கள்.

அப்படியும் வராவிட்டால், உலோக ஹப் என்றால், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டலாம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிடி தளரும். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. பிளாஸ்டிக் பிளேடுக்கும் ஏசியின் உருளை ப்ளோயருக்கும் சூடு ஆகாது. டேபிள் ஃபேன் என்றால் முன்னால் இருக்கும் மூடிக்குப் பெரும்பாலும் எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் உடைத்த மூடிகள் எத்தனையோ.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சாஃப்டுக்குத் துருப்பிடிக்காத பூச்சு கொடுக்க, ஹப்பில் புல்லர் பிடிக்க ஒரு விளிம்பு விட, பிளேடைத் தனியாக விற்க எவ்வளவு செலவாகும்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக 2022-ல் ஒரு குழு அமைத்தது. அதே வருட டிசம்பரில் அதற்கென்று இணையதளமும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அந்தப் பட்டியலில் உண்டு. உரிமை வந்து என்ன பயன், பிளேடு கேட்டால் கடைக்காரர் முழு செட்டை எடுத்து நீட்டுகிறாரே!

ஆனால் முழுப் பழியையும் கம்பெனி மீதும் அந்தப் பையன் மீதும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. யோசித்துப் பாருங்கள். 2,600 ரூபாய் பொருளுக்கு நாம் வாய் திறப்பதில்லை. அவன் கூலி 300 ரூபாய் என்றால் "அரை மணி நேர வேலைக்கு முந்நூறா?" என்று பேரம் பேசுகிறோம். காத்திருக்கும் வேலைக்குக் கூலி இல்லை, புதுசு விற்றால் கமிஷன் உண்டு என்றால் எந்தப் பையன் காத்திருப்பான்? அவன் கையில் சுத்தியலைக் கொடுத்ததே நாம்தான். பொறுமைக்கு விலை கொடுக்காத ஊரில் பொறுமையான தொழிலாளி எங்கிருந்து வருவான்?

அம்மாவின் பணத்தைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். பையனிடம் "நாளைக்கு சாயங்காலம் வா தம்பி, இரண்டு நாள் கூலியும் உனக்கு உண்டு" என்றேன். நம்பாமல்தான் போனான், ஆனால் வந்தான். ராத்திரி நான் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். என் பழைய புல்லரை அவன் கையில் கொடுத்தேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, அவன் செய்தான். கால் மணி நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிளேடு கையோடு வந்துவிட்டது. புது பிளேடு 350 ரூபாய், அவனுக்கு 600 ரூபாய். மோட்டார் ஓடுகிறது. லேசாக ஒரு கரகரப்பு இருக்கிறது. அது அந்த நாலு அடியின் மிச்சம். புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறோம், பார்க்கலாம்.

போகும்போது பையன் கேட்டான். "சார், இந்த புல்லர் எங்கே கிடைக்கும்?"

கடையைச் சொன்னேன். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வருபவர் "நாளைக்கு வந்து கழற்றுறேனுங்க" என்று சொன்னால், தயவுசெய்து அவரைத் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.