அறுந்து போக வேண்டிய கயிறு

அரிவாள்மணையோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கத்தியைப் பற்றிப் பேச யோக்யதை உண்டா, இல்லையா? உண்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கழுத்தில் தொங்கவிடுகிற கத்திக்கு ஒரு நாள் நான் பரீட்சை வைக்க நேரிடும் என்று சொப்பனத்தில்கூட எண்ணவில்லை!

மண்டபத்தில் என் அக்கா வீடு. 2025 ஜூன் முதல் வாரம் அங்கே போயிருந்தேன். அக்காவைப் பார்க்கத்தான் போனேன். ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? நாட்டுப் படகில் வரும் மீன்தான் கிடைக்கும். விலையும் அதற்குத் தக்கபடி!

அக்கா வீட்டுக்கு வாடிக்கையாக வரும் மீன்காரம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

"மவனுக்கு வாங்கினேம்மா. பதினஞ்சாந்தேதி போட்டு கடலுக்குப் போவுது. இவனுக்கு இதுதான் முதல் தடவை. கழுத்துல போட்டுக்கடான்னு சொல்லிட்டேன். நல்ல கத்திதானான்னு பாத்துச் சொல்லுங்க."

உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கத்தி. மூன்று அங்குல அலகு, மரப் பிடி. மீன் உருவம் அடித்த தோல் உறை. அதில் கோத்த பச்சை நைலான் கயிறு.

"கழுத்தில் எதற்கம்மா கத்தி? இடுப்பில் செருகிக்கொண்டால் போதாதா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகுதான் விளக்கினாள். வலை இறங்கும்போது அதன் கயிறு சரசரவென்று ஓடும். தளத்தில் கிடக்கும் வளையத்துக்குள் தவறிப்போய்க் கால் பட்டுவிட்டால் ஆளையும் சேர்த்துக் கடலுக்குள் இழுத்துவிடும். அந்தச் சமயத்தில் இடுப்பு மடிப்பில் தேடிக்கொண்டிருக்க முடியாது. எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கைக்குக் கத்தி எட்ட வேண்டும். அடுப்பில் பால் பொங்கி வழியுமே, அவ்வளவு நேரம்தான் கிடைக்குமாம்.

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "நாளைக்கு வந்து வாங்கிக்கொள்" என்று கத்தியை வைத்துக்கொண்டேன்.

கத்தி, திருப்பாச்சேத்திப் பட்டறையில் அடித்தது. 2005-இல் வந்த சினிமாவின் புண்ணியத்தில் 'திருப்பாச்சி அரிவாள்' என்றால் பட்டணத்துக் குழந்தைக்கும் தெரியும். இன்று சிவகங்கை மாவட்டம். 1985-க்கு முன்னால் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த வில்பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்துக் கத்தி செய்வது சகஜம். நல்ல எஃகுதான். ஆனால் எஃகு நன்றாயிருந்தால் மட்டும் போதாது, பதம் சரியாக இருக்க வேண்டும். பாகு மாதிரிதான் இதுவும்! காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பித்தளைக் கரண்டிக் காம்பை மேஜைமேல் வைத்து, கத்தியின் கூர் விளிம்பைப் படுக்கைவாட்டில் சாய்த்து அதன்மேல் லேசாக அழுத்தினேன். விளிம்பு இம்மி வளைந்து, கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. வளைந்தபடியே நின்றால் பதம் போதாது, பொடிந்தால் அதிகம். இது தேறிவிட்டது. பழைய வலைக்கயிறு ஒன்றை அறுத்துப் பார்த்தேன். நாலே இழுப்பு! (ரொட்டிக் கத்தி மாதிரிப் பல் வைத்திருந்தால் நைலானை இன்னும் சீக்கிரம் அறுக்கும்.) இரும்பு, பிடியின் கடைசி வரை ஓடுகிறது, இரண்டு ஆணி அடித்திருக்கிறது. மீன் வழுக்கல் பட்ட கை அலகின்மேல் சறுக்காமலிருக்கப் பிடியில் ஒரு மேடும் இருந்தது. குறை சொல்வதானால் முனையைத்தான் சொல்ல வேண்டும். ஊசி மாதிரி இருந்தது. கயிறு அறுக்க முனை எதற்கு? ஆடுகிற படகில், தொண்டைக்குக் கீழே? அந்த நாளில் ஐரோப்பியக் கப்பல் மாலுமிகள் வைத்திருந்த கத்திகளில் பலவற்றுக்கு முனை மொண்ணையாகவே இருக்கும். அத்தானிடம் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னேன்.

உறையில்தான் ஏமாற்றம். இரண்டு தோலை ஒட்டவைத்து விளிம்போடு தைத்திருந்தார்கள். நடுவில் ஒரு தோல் பட்டை கொடுத்துத் தைக்க வேண்டாமோ? அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை உருவும்போதும் கூர் விளிம்பு தையலைத்தான் அறுக்கும். ஒரு நாள் உறையே வாய் பிளந்து, கத்தி நெஞ்சைப் பார்த்து நிற்கும்!

இன்னொன்று. வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மணை கறுத்துப் போகிறதே, ஏன்? அதிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்வதால். ஆவாரம்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோலிலும் அதே துவர்ப்புதான். அதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கத்தியை உறையோடு ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் அலகெல்லாம் கறுப்புத் திட்டு. தோலும் ஊறித் தளர்ந்துவிட்டது. கழுத்துக் கத்தி பிடி கீழே பார்த்துத் தொங்குவது. தலைகீழாகப் பிடித்தேன், தானாகவே கீழே விழுந்தது.

அத்தான் முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை அனலில் காட்டி இளக்கி, காகிதம் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து அழுத்தி, அரை மணியில் ஓர் உறை செய்துவிட்டார். தண்ணீர் வடிய அடியில் ஓர் ஓட்டை. அழகு இல்லை. ஆனால் 'டக்'கென்று பிடித்துக்கொள்கிறது, இழுத்தால் வருகிறது.

மறுநாள் மீன்காரம்மா வந்து பார்த்தாள். மீன் படம் போட்ட உறை போனதில் அவளுக்கு வருத்தம். இருநூறு ரூபாய் கொடுத்தது அல்லவா? அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நான் நைலான் கயிற்றை வெட்டப் போனதும்தான் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, அது அறாத கயிறுன்னு கேட்டு வாங்கினேம்மா!"

அறாதது என்பதுதான் ஆபத்து. அந்தக் கயிறே வலையிலோ கப்பியிலோ மாட்டிக்கொண்டால் பிள்ளையின் கழுத்து என்னாகும்? இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். கழுத்தில் ஏறிய கயிறு அறக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அவள் மஞ்சள் கயிற்றைப் பற்றிக்கொண்டு பேசாமல் நின்றாள்.

பிடரிப் பக்கம் கயிற்றை வெட்டி, அந்த இடத்தைப் பூக்கட்டும் நூலால் இணைத்தேன். மூன்று இழை வைத்தபோது கத்தியை உருவும்போதே நூல் அறுந்தது. ஐந்தும் தாங்கவில்லை. ஆறு இழையில் கத்தி சுலபமாக வந்தது. ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டதும் நூல் பட்டென்று அறுந்தது. அந்த அளவுதான் சரி. உப்பிலும் வெயிலிலும் பருத்தி நூல் இற்றுப்போகும் என்பதால் வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். கத்திக்குத் தினம் நல்ல தண்ணீரில் ஒரு கழுவல், துடைத்துத் துளி தேங்காய் எண்ணெய்.

மீன்காரம்மா குடத்தைத் தானே ஒரு தரம் தொங்கவிட்டுப் பார்த்தாள். அறுந்தது. மறுபடி ஆறு இழை எண்ணித் தன் கையாலேயே முடிந்தாள். கூடையைத் தூக்கப் போனவள் திரும்பி வந்து, "அந்த நூல் உருண்டையைக் குடுங்கம்மா" என்று வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.